மருதையாற்றுக்கு மழை வரும் வழி

பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையை விட்டு விலகி, காரை ஊருக்குள் நுழைந்து, கடைசி வீட்டையும் தாண்டிய பிறகு தரை உடைந்து கிடக்கிறது. அதுவரை கூடவே வந்த மக்காச்சோளக் காடும் பருத்திக் காடும் அங்கே நின்றுவிடுகின்றன. மழைத் தண்ணீர் அறுத்து அறுத்துக் கூராக்கிய மண் மேடுகள், அவற்றுக்கு நடுவே ஆள் இறங்கி நடக்கும் ஆழத்தில் வறண்ட ஓடைகள், பழுப்பும் மஞ்சளுமாகக் களிமண். வெயில் ஏற ஏற மண்ணில் சில்லுச் சில்லாக ஏதோ மின்னுகிறது. குனிந்து எடுத்தால் ஜிப்சம்.

இது கடலடியில் படிந்த களிமண். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இன்றைய அரியலூர் மாவட்டத்தின் பெரும்பகுதியிலும் பெரம்பலூர் மாவட்டத்தின் தென்கிழக்குப் பகுதியிலும் கடல் இருந்தது. அது பின்வாங்கிய பிறகு மிஞ்சியவைதான் காரையின் களிமண்ணும், அரியலூரைச் சுற்றிச் சிமெண்டு ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல்லும். இந்தப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மோனைட் என்ற தொல்லுயிர் எச்சங்களைப் பார்க்க வருகிறார்கள். நான் வந்தது வேறு தேடலில். வங்கக் கடலில் நிற்கும் வானிலை மிதவைகள் எப்படிக் கடலை அளக்கின்றன என்று சில காலமாகப் படித்துக்கொண்டிருந்தேன். கருவிகள் வருவதற்கு முன் கடல் தன்னைத் தானே எப்படிப் பதிந்து வைத்தது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஓடைக்குள் ஆடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. பின்னால் வந்த பெரியவர் என்னைப் பார்த்து நின்றார்.

"என்னா தம்பி, கல்லு பொறுக்க வந்தீங்களா?"

"இல்லிங்க ஐயா, பாத்துட்டுப் போகத்தான்."

"பாத்துட்டு வச்சிருங்க. அள்ளிக்கிட்டுப் போறவுங்கதான் நெறைய."

இந்த வருசம் மழை எப்படி என்று கேட்டேன். மேற்கே பச்சைமலைப் பக்கம் கையைக் காட்டினார். "அங்குட்டு மின்னுனா ஒரு மழை, ரெண்டு மழை. அது ஆட்டுக்குப் புல்லு மொளைக்க ஆவும். ஏரி ரொம்பணும்னா கெழக்கதான் இருட்டணும். கடல்ல ஏதோ சுத்துதுன்னு டிவியில சொல்லுவாங்கள்ல, அப்பதான் எங்களுக்கு மழை." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே கேட்டார்: "ஏன் தம்பி, நடுக்கடல்ல யாரு நின்னு பாத்துச் சொல்றா?"

கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் மானாவாரிக் காட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டது எனக்கு முக்கியமாகப் பட்டது. கடலை அளப்பது மீனவர் விஷயம், கப்பல்காரர் விஷயம் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். சின்ன வெங்காயம் நடுகிற செட்டிகுளத்து விவசாயிக்கும் அது அதே அளவு சொந்த விஷயம். நட்ட காட்டில் நாலு நாள் தண்ணீர் நின்றால் வெங்காயம் அழுகிவிடும். அந்த நாலு நாளைத் தீர்மானிக்கும் காற்றழுத்தத் தாழ்வு, அவர் பார்த்தே இராத நீர்ப்பரப்பில் பிறக்கிறது.

ஓடைச் சரிவில் கிடந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். விரல் நீளம், உருளை வடிவம், ஒரு முனை கூர். தேன் நிறம். பெலம்னைட். கணவாயின் தூரத்து உறவான ஒரு கடல்விலங்கின் உடலுக்குள் இருந்த சுண்ணாம்புத் தண்டு இது. உடைந்த முனையில் நடுப்புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடுகள். அந்த விலங்கு வளர வளர, சுற்றியிருந்த கடல்நீரிலிருந்து எடுத்த சுண்ணாம்பை அடுக்கடுக்காகச் சேர்த்திருக்கிறது. அந்தச் சுண்ணாம்பில் ஆக்சிஜன் இருக்கிறது. ஆக்சிஜனில் எடை குறைந்தது 16, கூடியது 18. நீர் குளிர்ந்திருந்தால் எடை கூடிய ஆக்சிஜன் சற்று அதிகமாகச் சேரும். வெதுவெதுப்பாக இருந்தால் குறையும். இந்த விகிதத்தை அளந்தால் அந்தக் கடலின் வெப்பத்தைக் கணக்கிடலாம் என்று 1940களில் கண்டு சொன்னவர் அமெரிக்க வேதியியலாளர் ஹெரால்ட் யூரே. அவருடைய குழு ஒப்பீட்டுக்கு அடிப்படையாக வைத்துக்கொண்டதும் ஒரு பெலம்னைட்தான். தெற்கு கரோலினாவில் பீ டீ என்ற பாறைப் படிவத்தில் கிடைத்தது. காரையின் பெலம்னைட்டுகளையும் ஆய்வாளர்கள் இப்படி அளந்திருக்கிறார்கள். ஆக, என் உள்ளங்கையில் இருந்தது ஒரு வெப்பமானி. படித்துச் சொல்ல 10 கோடி ஆண்டு காத்திருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

இந்த மண்ணை முதன்முதலில் ஒழுங்காக வரைபடமாக்கியவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. 1855-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர வந்த இளைஞர். அன்றைய திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களில் அலைந்து, இங்குள்ள கடற்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். 1862-இல் அந்த அறிக்கை வெளியானது. இன்றும் நிலவியல் மாணவர்கள் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். பிறகு ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா இங்குள்ள தொல்லுயிர்களை ஒவ்வொன்றாக விவரித்துப் பெரிய தொகுதிகளாக எழுதினார்.

பிளான்ஃபோர்டின் கதை அதற்குமேல் போகிறது. உடல்நலம் கெட்டதால் நிலவியல் வேலையை விட்டுக் கல்கத்தாவில் ஆசிரியரானார். 1864 அக்டோபர் 5-ஆம் நாள் கல்கத்தாவைப் புயல் தாக்கியது. ஹூக்ளி ஆற்றில் ஏறிய கடல்நீரில் மாண்டவர்கள் அறுபதாயிரம் பேர் வரை என்று கணக்கு. அந்தப் புயலைப் பற்றிய விரிவான அறிக்கையை காஸ்ட்ரெல் என்ற அதிகாரியுடன் சேர்ந்து எழுதியவர் பிளான்ஃபோர்டு. அடுத்து வங்காளத்தின் வானிலை அதிகாரி ஆனார். 1875-இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே. அரியலூரில் செத்த கடலைப் படித்தவர், பிறகு வாழ்நாள் முழுக்க உயிருள்ள கடலைப் படிக்கப் போனார் என்பது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. கண்முன் இல்லாத கடலைக் கையில் கிடைத்த சிறு தடயங்களிலிருந்து கட்டி எழுப்பும் பழக்கம் அவருக்கு இங்கேதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1864 புயலைக் கட்டி எழுப்பவும் அவரிடம் இருந்தவை தடயங்கள் மட்டுமே. கரையில் நிலையங்கள் இருந்தன. சென்னை வானாய்வகத்தில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே வானிலைப் பதிவு உண்டு. கடலுக்குள் நடந்ததைச் சொன்னவை கப்பல்களின் பதிவேடுகள். எந்த நேரத்தில் பாதரசம் எவ்வளவு இறங்கியது, காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு மாறியது, பாய்மரம் எப்போது முறிந்தது என்று மாலுமிகள் எழுதியவை. தப்பி வந்த கப்பலின் பதிவேடு மட்டும்தான் கைக்கு வரும். அதுவும் புயல் முடிந்து பல வாரம் கழித்து வரும். கம்பியில்லாத் தந்தி வந்த பிறகு கப்பல்கள் உடனுக்குடன் சொல்ல ஆரம்பித்தன. ஆனால் எச்சரிக்கை கிடைத்ததும் நல்ல மாலுமி புயலை விட்டு விலகிப் போவார், போகத்தான் வேண்டும். அதனால் எங்கே அளவு தேவையோ அங்கே கப்பல் இருக்காது. விலகிப் போகாமல் நின்ற இடத்தில் நின்று அளக்கும் ஒன்று வேண்டியிருந்தது. மிதவை அந்த வேலைக்கு வந்தது.

காரை மேட்டில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைத்தது. ஹைதராபாதில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், எல்லோரும் சுருக்கமாக இன்காய்ஸ் என்பார்கள், தன் இணையதளத்தில் மிதவைகளின் அளவுகளைப் போடுகிறது. புதுச்சேரிக்கு வெளியே நிற்கும் அலைமானி மிதவையைத் திறந்தேன். அலை உயரம், அலை வந்த திசை, ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே எத்தனை வினாடி என்று எல்லாம் திரையில் வந்தன. வறண்ட கடலடியில் நின்றுகொண்டு, கிழக்கே கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இப்போது அடிக்கும் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் (என்.ஐ.ஓ.டி.) இருக்கிறது. 1993-இல் தொடங்கியது. நார்வே நாட்டு ஒத்துழைப்போடு தேசிய மிதவைத் திட்டத்தை 1990களின் பிற்பகுதியில் தொடங்கியவர்களும் இவர்கள்தான். அங்கே கடலுக்குப் போகக் காத்திருக்கும் மிதவை ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆளைவிட அகலமான மஞ்சள் நிறத் தட்டு உடல். மேலே கம்பம். கம்பத்தின் உச்சியில் காற்றின் வேகமும் திசையும் அளக்கும் கருவி, அது கடல்மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கும். கீழே வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், மழை, வெயில் ஆகியவற்றுக்குத் தனித்தனி உணரிகள். சுற்றிலும் சூரியத் தகடுகள், உள்ளே மின்கலங்கள். விளக்கும் உண்டு, இரவில் கப்பல் மோதாமல் இருக்க. கைவைத்துப் பார்த்தபோது மழைமானியின் வாய் ஒரு டம்ளரைவிடச் சற்றே பெரிதாக இருந்தது. அவ்வளவு பெரிய கடலில் பெய்யும் மழைக்கு அந்தச் சின்ன வாய்தான் சாட்சி.

அலையை அளக்கும் கருவி வெளியே தெரியாது. உடலுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். நடுக்கடலில் அலையின் உயரத்தை எதை வைத்து அளப்பது? தரை மூன்று கிலோமீட்டர் கீழே. கரை கண்ணில் படாது. அசையாத புள்ளி ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை. ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவருக்கு, மேலே போகிறோமா கீழே இறங்குகிறோமா என்பது வயிற்றிலேயே தெரியும். மிதவைக்குள் இருக்கும் முடுக்கமானியும் அதைத்தான் உணர்கிறது. அலை தூக்கும்போது ஓர் அழுத்தம், இறக்கும்போது ஒரு தளர்ச்சி. அந்த முடுக்கத்தை நேரத்தோடு ஒருமுறை கூட்டினால் வேகம் கிடைக்கும். வேகத்தை மறுபடி கூட்டினால் எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு தாழ்ந்தது என்பது கிடைத்துவிடும். வெளியே எதையும் பார்க்காமல் தன் உடம்பின் அசைவை வைத்தே மிதவை அலையைக் கண்டுபிடிக்கிறது.

ஆழ்கடல் மிதவைகளில் மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை, வினாடிக்கு ஒரு தடவை என்று ஏறத்தாழ 17 நிமிடம் இந்த அசைவைப் பதிகிறார்கள். 17 என்ற எண் எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தெரிந்தது: 1,024 வினாடி. ஒன்றை இரண்டால் பத்து முறை பெருக்கினால் 1,024. குழம்பிக் கிடக்கும் அலைகளைத் தனித்தனி அலைகளாகப் பிரிக்கும் கணக்கு அந்த எண்ணில் சுலபமாக ஓடும். பிரித்துப் பார்த்தால் இரண்டு வகை தெரியும். சில வினாடிக்கு ஒருமுறை வரும் குட்டை அலை, அங்கேயே அடிக்கும் காற்று எழுப்பியது. பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒருமுறை நிதானமாக வரும் நெட்டலை, எங்கோ தெற்கே அண்டார்டிகாவுக்குப் பக்கத்துக் கடலில் பல நாளைக்கு முன் அடித்த புயலின் சேதி. காற்றே இல்லாத நாளில் கடல் பொங்கிக் கரையோர வீடுகளுக்குள் நுழைவது இந்த இரண்டாம் வகையால். பார்த்தால் கடல் அமைதியாக இருக்கும். மிதவைக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

செய்தியில் 'அலை 3 மீட்டர் உயரம் எழும்' என்கிறார்களே, அது ஒரே ஓர் அலையின் உயரம் இல்லை. பதிவான அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றின் சராசரியைச் சொல்கிறார்கள். அனுபவப்பட்ட மாலுமி கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரத்துக்கு இந்தச் சராசரி கிட்டத்தட்டப் பொருந்தும். தனி அலை ஒன்று இதைப் போல இரண்டு மடங்குவரை எழலாம். படகில் போகிறவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது உயிர் விஷயம். நம் செய்தி வாசிப்புகளில் யாரும் இதை விளக்குவதில்லை, விளக்க வேண்டும்.

காரையிலிருந்து சாத்தனூர் போனேன். அங்கே கல்மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். 1940-இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னது. இன்று கம்பிவேலிக்குள், தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகக் காக்கப்படுகிறது. பட்டை, கணு எல்லாம் கல்லிலேயே தெரிகின்றன. கரையோரம் வளர்ந்த மரத்தை அன்றைய ஆற்று வெள்ளம் அடித்துக் கடலில் சேர்த்தது. கடலின் சேற்றில் புதைந்து அது கல்லானது. வேலியருகே நின்ற பள்ளிப் பிள்ளைகள் மரத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த மரத்தைவிட அதைக் கொண்டுவந்த ஆற்று வெள்ளத்தின் மேல் யோசனை போனது. மரம் கல்லாகி நின்றுவிட்டது. கூட வந்த நல்ல தண்ணீர் என்ன ஆகியிருக்கும்?

வங்கக் கடலில் அதற்கான பதிலை இன்றும் பார்க்கலாம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று எத்தனையோ ஆறுகள் மழைக்காலத்தில் கொண்டுவந்து கொட்டும் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் மேலேயே தங்கும். மேலே உப்புக் குறைந்த மெல்லிய அடுக்கு, கீழே உப்புக் கூடிய கனத்த நீர். இரண்டும் எளிதில் கலக்காது. சாதாரணமாகக் காற்று அடித்தால் கீழேயிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்து கடலைக் கொஞ்சம் ஆற்றும். இங்கே அந்த ஆறுதல் கிடைப்பது கடினம். மேலடுக்கு வெயிலில் காய்ந்து சூடாகவே கிடக்கும். புயலுக்கு வேண்டிய தீனி அந்தச் சூடுதான். கடல்நீர் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் புயல் வளர வழி உண்டு என்பார்கள். அக்டோபர், நவம்பர் வங்கக் கடலில் அது தாராளமாகவே இருக்கும்.

செயற்கைக்கோள் மேலிருந்து கடலின் தோலை மட்டுமே பார்க்கும். தோலுக்குக் கீழே சூடு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வதற்காகத்தான் 2010 வாக்கில் என்.ஐ.ஓ.டி. 'ஆம்னி' என்ற புதுவகை மிதவைகளை இறக்கத் தொடங்கியது. மிதவைக்கு அடியில் தொங்கும் கம்பி வடத்தில், மேற்பரப்பிலிருந்து 500 மீட்டர் ஆழம் வரை பல படிகளில் வெப்பமும் உப்பும் அளக்கும் உணரிகளைக் கவ்வவிட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் உணரிக்கும் தனித்தனி ஒயர் இழுத்தால் அலையில் அறுந்துபோகும். அதனால் அந்த இரும்பு வடத்தையும் சுற்றியிருக்கும் உப்புநீரையும் சேர்த்தே மின்சுற்றாக்கி, அதன் வழியாகவே சேதியை மேலே அனுப்புகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. உப்புநீர்தான் கருவிகளின் பெரும் பகை. அதையே கம்பியாக்கி வேலை வாங்கியிருக்கிறார்கள்.

500 மீட்டருக்குக் கீழே நைலான் கயிறு, அடியில் டன் கணக்கில் நங்கூர எடை. நங்கூரத்துக்குச் சற்று மேலே ஒரு கொக்கி. மிதவையைத் திரும்ப எடுக்க வேண்டிய நாளில் கப்பலிலிருந்து தண்ணீருக்குள் ஓர் ஒலியை அனுப்புவார்கள். அந்த ஒலியைக் கேட்டதும் கொக்கி வாய் திறக்கும். எடை அங்கேயே தங்க, கயிறு மேலே வரும். மிதவையின் அளவுகள் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு வந்து, அங்கிருந்து வானிலைத் துறைக்கும் உலக வானிலை வலையமைப்புக்கும் போகின்றன. வங்கக் கடல் மிதவைகளின் எண் 'பிடி' என்றும் அரபிக் கடல் மிதவைகளின் எண் 'ஏடி' என்றும் தொடங்கும்.

2013 அக்டோபரில் பைலின் புயல் ஒடிசாவின் கோபால்பூர் நோக்கிப் போன வழியில் பிடி 10 மிதவைக்கு மிக அருகே கடந்தது. அழுத்தம் சரிந்ததும், காற்றுத் திசை சுழன்றதும், அலை ஏறியதும், புயல் போன பின் கடல் குளிர்ந்ததும் வரிசையாகப் பதிவாயின. 1864 புயலுக்காகப் பிளான்ஃபோர்டு கப்பல் பதிவேடுகளிலிருந்து பாடுபட்டுப் பொறுக்கியதும் இப்படிப்பட்ட அளவுகளைத்தான். 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். பைலினில் முன்கூட்டியே லட்சக்கணக்கானவர்களை வெளியேற்றியதால் இறப்பு சில பத்துகளோடு நின்றது. அந்தப் பெருமை மிதவைக்கு மட்டும் உரியதில்லை. வானிலைத் துறை, அரசு அதிகாரிகள், ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து செய்தது.

அரியலூர் பக்கம் வந்தால் கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் பெயர்பெற்ற ஊர். சுற்றிலும் சுண்ணாம்புச் சுரங்கங்கள், செம்மண் புழுதி கிளப்பும் லாரிகள். சுரங்கத்தின் வெட்டுமுகத்தில் கிரைஃபியா என்ற தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. சில அடுக்குகளில் முழுச் சிப்பிகள், வாழ்ந்த நிலையிலேயே. சில அடுக்குகளில் எல்லாம் உடைந்து, புரண்டு, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கின்றன. ஆழமில்லாத கடலடியைப் புயலலை கிளறிப் போட்ட அடுக்குகளை ஆய்வாளர்கள் இங்கே அடையாளம் கண்டிருக்கிறார்கள். வாரணவாசியில் இருக்கும் தொல்லுயிர் அருங்காட்சியகத்திலும் இதே சிப்பிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பாறையும் ஒரு பதிவேடுதான். ஆனால் அது பெரும் புயலை மட்டும் எழுதும், அதையும் எந்த ஆண்டு என்று சொல்லாமல் எழுதும். ஆயிரம் ஆண்டு அமைதி ஒரு விரல்கடை கல்லில் அடங்கிவிடும். நாளைக்கு விதைக்கலாமா என்று கேட்பவருக்கு அதில் பதில் கிடையாது.

கடைசியாக மருதையாற்றுக்குப் போனேன். பச்சைமலையில் பிறந்து பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் வழியே ஓடிக் கொள்ளிடத்தில் சேரும் ஆறு. நான் போனபோது மணலும் சீமைக்கருவேலமும்தான் இருந்தன, நடுவில் கணுக்கால் அளவுக்கு ஒரு நீரோட்டம். ரயில் பாலத்தின் தூண்களில் பழைய வெள்ளத்தின் கறை படிந்திருந்தது. இந்த ஆற்றில்தான் 1956 நவம்பர் 23-ஆம் நாள் விடியலுக்கு முன், சென்னையிலிருந்து தூத்துக்குடி போன விரைவு ரயில் விழுந்தது. அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே. வடகிழக்குப் பருவமழையில் ஆறு கரைபுரண்டு, பாலத்தை ஒட்டிய தண்டவாளத்தின் அடிமண்ணை அரித்திருந்தது. என்ஜினும் பெட்டிகளும் வெள்ளத்தில் இறங்கின. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான் மகபூப்நகரில் ஒரு ரயில் விபத்து நடந்து, அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி உறுதியாக நின்றார், விலகினார். அந்த விலகலைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அந்த மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1956-இல் வங்கக் கடலின் நடுவே நமக்கென்று ஒரு கருவியும் இல்லை. வானிலைச் செயற்கைக்கோளும் இல்லை, உலகின் முதல் ஒன்று 1960-இல்தான் பறந்தது. வழியில் போன கப்பல்கள் சொன்னால் உண்டு. எவ்வளவு மழை வரும், எந்த ஆற்றுப் பக்கம் வரும் என்று ரயில்வேக்கு யாராலும் துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. மிதவை இருந்திருந்தால் அந்த ரயில் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பாலத்தையும் கரையையும் பார்த்துக்கொள்வது வேறு கடமை, வெள்ளத்தில் தண்டவாளத்தில் நடந்து பார்க்கும் ரோந்துக்காரரின் விளக்குக்கு எந்த மிதவையும் ஈடாகாது. ஆனால் கடலிலிருந்து பாலம் வரை ஒரு சங்கிலி இருக்கிறது: மிதவை, செயற்கைக்கோள், ஹைதராபாத், வானிலைத் துறை, ரயில்வே கட்டுப்பாட்டு அறை, ரோந்துக்காரர். இன்று அந்தச் சங்கிலியின் கண்ணிகள் எல்லாம் இருக்கின்றன. எந்தக் கண்ணி முதலில் அறும் என்பதுதான் என் கவலை.

என் பார்வையில் முதலில் அறுவது மிதவைதான். நடுக்கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் சேரும். கொட்டலசும் பாசியும் ஒட்டும், அதைத் தின்னச் சிறுமீன் வரும், அதைத் துரத்திப் பெருமீன் வரும். மீன் இருக்கும் இடத்துக்குப் படகு வரும். சிலர் மிதவையில் படகைக் கட்டிவிடுவார்கள். வடம் இழுபடும், உணரி உடையும். சூரியத் தகடும் கருவிகளும் காணாமல் போவதும் உண்டு. உலகம் முழுக்க மிதவைகளுக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது. இதற்காக மீனவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அலை எச்சரிக்கையை முதலில் பயன்படுத்துகிறவர்களே அவர்கள்தான். அந்த எச்சரிக்கை இந்த மஞ்சள் தட்டிலிருந்து வருகிறது என்று துறைமுகம் துறைமுகமாகப் போய்ச் சொல்ல வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

இன்னொரு கேடு சத்தமில்லாமல் வருவது: பராமரிப்புக்குக் கப்பல் போகாமல் விடுவது. பசிபிக் கடலில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ 1982-83-இல் பெரிதாக வளரும்வரை யாருக்கும் தெரியவில்லை. மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலைத் தூசி செயற்கைக்கோள் அளவுகளையும் கெடுத்திருந்தது. அந்தப் பாடத்தால் நிலநடுக்கோட்டை ஒட்டி ஏறத்தாழ எழுபது மிதவைகளை வரிசையாக இறக்கி 1994-இல் முடித்தார்கள். 2012-இல் அவற்றைப் பராமரித்த அமெரிக்கக் கப்பலைச் செலவு கருதி நிறுத்தினார்கள். இரண்டே ஆண்டில் கிடைக்கும் அளவுகள் பாதிக்கும் கீழே சரிந்தன. அமெரிக்காவுக்கே இந்தக் கதி என்றால் நாம் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டாமா? மிதவை வாங்குவது ஒருநாள் செலவு, திறப்பு விழாவும் செய்தியும் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சாகர் நிதி போன்ற கப்பலை அனுப்பி, கொட்டலசைச் சுரண்டி, உணரியை மாற்றி, மின்கலத்தைப் புதுப்பித்து வருவதற்கு விழாவும் இல்லை, புகைப்படமும் இல்லை. ஆனால் அதை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் ஐப்பசியில் அழுத்தம் குறையும்போது திரையில் எண்ணுக்குப் பதிலாக வெற்றிடம் இருக்கும்.

நம் மாவட்ட வேளாண் குறைதீர்க் கூட்டங்களில் உரம், விதை, ஏரி வரத்துவாய்க்கால், காப்பீடு எல்லாம் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வங்கக் கடலில் எத்தனை மிதவைகள் வேலை செய்கின்றன என்ற கேள்வியையும் அங்கே சேர்க்கலாம். எந்த மிதவை சேதி அனுப்புகிறது, எது நின்றுபோயிருக்கிறது என்று இன்காய்ஸ் இணையதளத்தைத் திறந்தால் யாரும் பார்க்கலாம். புரட்டாசி பிறக்கும்போது ஒருமுறை பார்ப்பது நல்லது.